கலர் லென்ஸ் போட்டால் கதவு ஏன் திறப்பதில்லை?

கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தங்கச்சி. கொழும்பில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. சேர்வர் அறைக்குள் போக முன்பு விரல் வைத்தார்களாம், இப்போது கண்ணைக் காட்ட வேண்டுமாம். அவர் தினமும் பவர் உள்ள கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர். சில நாள் கதவு உடனே திறக்கிறது, சில நாள் மூன்று தரம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அக்காவின் கலியாணத்துக்குப் போட்ட சாம்பல் நிற லென்ஸோடு அடுத்த நாள் வேலைக்குப் போனபோது இயந்திரம் அடியோடு மறுத்துவிட்டது. "ஒவ்வொரு நாளும் கழற்றிவிட்டா போக வேண்டும்? டிஜிட்டல் அடையாள அட்டைக்குக் கண்ணைப் பதியும்போது என்ன செய்வது? வேறு யாராவது லென்ஸ் போட்டு என் கண்ணாக நடிக்க முடியுமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, விடையை முதலே சொல்லிவிடுகிறேன். பவர் லென்ஸை ஒரே ஒரு நாள் கழற்றினால் போதும். அது உங்கள் கண்ணை முதன்முதலாகப் பதிகிற நாள். கலர் லென்ஸோ எந்த நாளும் சரிவராது. இனி ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும். இந்தக் கதவு இயந்திரங்களைப் பூட்டிக் கொடுத்து, பழுது பார்த்து, "இது என்னை எடுக்குதில்லையே" என்று வருகிற ஆட்களைச் சமாளிப்பதுதான் எனக்குப் பல வருடமாகத் தொழில்.

பாதிப் பேர் இதை விழித்திரையை ஸ்கான் செய்வதாக நினைக்கிறார்கள். விழித்திரை கண்ணின் பின்சுவரில் இருக்கிறது, அதை இந்த இயந்திரம் தொடுவதே இல்லை. இது பார்ப்பது கதிராளியை. நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கதிராளி, இந்தியச் செய்திகளில் கருவிழி, இரண்டும் ஒன்றுதான். கண்ணின் நடுவில் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிற கண்மணியைச் சுற்றியிருக்கும் அந்த நிற வளையம். அதன் தசைநார்கள், பள்ளங்கள், மடிப்புகள் எல்லாம் நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. இடது கண்ணில் இருப்பது வலது கண்ணில் இராது, ஒரே மாதிரி இரட்டையருக்கும் ஒத்துவராது.

கண்ணாடியில் பார்த்தால் நம்முடைய கண் ஒரே கறுப்பாகத்தானே தெரிகிறது, அதில் என்ன கோலம் என்று கேட்பீர்கள். அதனால்தான் இயந்திரம் சாதாரண வெளிச்சத்தை நம்புவதில்லை. அகச்சிவப்புக்குக் கிட்டிய ஒளியை, 700 முதல் 900 நனோமீட்டர் வரையான அலைநீளத்தை, உங்கள் கண்மேல் அடிக்கிறது. கண்ணைக் கறுப்பாக்கும் மெலனின் அந்த ஒளியை அவ்வளவாக உறிஞ்சாது. ஆகவே கறுத்த கண்ணின் உள்ளே இருக்கிற நெசவு எல்லாம் வெளியே வருகிறது. கமரா எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம். உங்கள் கண் என்ன நிறம் என்பதில் அதற்கு அக்கறையே இல்லை. இதை நினைவில் வையுங்கள், சாம்பல் லென்ஸுக்கு வரும்போது தேவைப்படும்.

இந்த யோசனைக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர்கள் இரண்டு அமெரிக்கக் கண் வைத்தியர்கள், லெனார்ட் ஃபுளோமும் ஆரன் சஃபிரும், 1987இல். அதைக் கணக்காக்கி ஓட வைத்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜோன் டோக்மன். அவருடைய காப்புரிமை 1994இல் வந்தது. அவருடைய முறையைத்தான் இன்றைக்கும் பெரும்பாலான இயந்திரங்கள் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. கதிராளி வளையத்தை வெட்டியெடுத்து, பாயை விரிப்பதுபோல நீள்சதுரமாக விரித்து, 2048 "ஆம், இல்லை" விடைகளாக எழுதிக்கொள்கிறது. அத்தோடு, எந்தெந்த இடத்தை நம்பக்கூடாது என்று இன்னொரு பட்டியலும் போடுகிறது. இமை மறைத்த இடம், மயிர் விழுந்த இடம், விளக்கு மின்னிய இடம் எல்லாம் அதில் சேரும்.

அடுத்த முறை நீங்கள் வரும்போது இன்னொரு 2048 விடை. இரண்டையும் பக்கத்தில் வைத்து எத்தனை பிழைக்கிறது என்று எண்ணுகிறது. முன்பின் தெரியாத இரண்டு பேரின் கண்கள் என்றால், காசு சுண்டிப் பார்த்ததுபோல, ஏறக்குறைய பாதி பிழைக்கும். அதாவது 0.5. ஒரே கண் என்றால் 0.1, 0.2 என்று கீழே நிற்கும். நடுவில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். டோக்மனின் கணக்கில் அந்தக் கோட்டை 0.32இல் போட்டால், வேறொருவரின் கண் உங்கள் கண்ணாகத் தவறி ஒத்துப்போவதற்கு 2 கோடி 60 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இலங்கையின் மொத்தச் சனத்தொகையைவிடக் கூடிய எண் அது. அதே கோட்டை 0.35க்கு ஏற்றினால் 1,33,000இல் ஒன்று.

லென்ஸின் கதை முழுவதும் ஒரே கண்ணின் 0.1க்கும் வேறு கண்ணின் 0.5க்கும் நடுவில் நடக்கிறது. லென்ஸ் உங்கள் கண்ணை வேறொருவரின் கண்ணாக மாற்றிவிடாது. உங்கள் கண்ணைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும், அவ்வளவுதான். இயந்திரம் பொய்யாக உள்ளே விடுவது குறைவு, பொய்யாக வெளியே நிறுத்துவதுதான் கூடும். பாதுகாப்புக் கண்ணால் பார்த்தால் இது பெரிய குற்றமில்லை. காலை ஒன்பது மணிக்குக் கதவடியில் நிற்கிற உங்களுக்கு அது குற்றம்தான்.

பவர் லென்ஸ் வெறும் தெளிந்த பிளாஸ்டிக் தானே, அது எப்படித் தள்ளும்? நெடுநாளாக எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். விற்கிறவர்கள் இன்றைக்கும் "கண்ணாடியும் பிரச்சினையில்லை, லென்ஸும் பிரச்சினையில்லை" என்றே அடித்துச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் பேக்கர், பௌயர், ஃபிளின் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. நிறமில்லாத, வைத்தியர் எழுதிக் கொடுத்த சாதாரண லென்ஸ் போடுகிறவர்களையும் இயந்திரங்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக மறுத்தன. வித்தியாசம் பயங்கரமானதில்லை, ஆனால் இருந்தது.

காரணங்களை நான் கதவடியில் நின்றே பார்த்திருக்கிறேன். மென்மையான லென்ஸின் குறுக்களவு 14 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், கதிராளி 12க்குக் கிட்ட. ஆகவே லென்ஸின் விளிம்பு கண்ணின் வெள்ளையில் போய் உட்காருகிறது. அகச்சிவப்பு ஒளியில் அந்த விளிம்பு ஒரு மெல்லிய வட்டமாக மின்னும். சில மென்பொருள்கள் அதைத்தான் கதிராளியின் எல்லை என்று எடுத்துக்கொள்ளும். எல்லை பிழைத்தால் பாய் பிழையாக விரியும், 2048 விடைகளும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்துவிடும். கடின லென்ஸ் போடுகிறவர்களின் பாடு இன்னும் கஷ்டம். அது 9, 10 மில்லிமீட்டர் தான், விளிம்பு நேரே கதிராளியின் மேலேயே ஓடுகிறது. கதிராளியில் இல்லாத ஒரு வட்டத்தை இயந்திரம் கதிராளியின் கோலம் என்று எழுதிக்கொள்ளும்.

அதோடு லென்ஸ் ஓரிடத்தில் நிற்பதில்லை. இமைக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஏறி இறங்கும், சுழலும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குக் கொடுக்கிற டோரிக் லென்ஸ் மட்டும் சுழலாதபடி ஒரு பக்கம் தடிப்பாகச் செய்யப்பட்டிருக்கும். அதில் வைத்தியர் திசை பார்ப்பதற்குச் சிறு கோடுகளும் இருக்கும், அவையும் படத்தில் விழலாம். சில லென்ஸில் உள்ளே எது வெளியே எது என்று காட்ட 123 என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கண்ணில் லென்ஸைத் தேட வசதியாக இலேசான நீலம் பூசுகிறார்களே, அது மட்டும் பாவம், ஒரு தொந்தரவும் செய்யாது. அகச்சிவப்பில் அது தெரிவதே இல்லை.

உங்களுக்குச் சில நாள் எடுக்கிறது, சில நாள் எடுக்குதில்லை என்றீர்களே. என் ஊகம், லென்ஸைவிட உங்கள் அலுவலகத்து ஏசிதான் அதில் பெரிய குற்றவாளி. காலி வீதி வெயிலில் பஸ்ஸில் வந்து, நாள் முழுக்கக் குளிர்ந்த காய்ந்த காற்றில் இருந்து, திரையை இமைக்காமல் பார்த்தால் லென்ஸின் மேலே இருக்கிற கண்ணீர்ப் படலம் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். மழைத்துளி விழுந்த கண்ணாடி வழியாகப் படமெடுத்ததுபோல ஆகும். பின்னேரம்தான் கூட மறுக்கிறதா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அப்படியென்றால், கதவுக்கு முன் நன்றாக நாலைந்து தரம் இமைத்துவிட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். கதவடியில் நின்று லென்ஸைக் கழற்றவே வேண்டாம். எத்தனை பேர் பிடித்த கைப்பிடி அது! கழுவாத விரலைக் கண்ணுக்குள் விட்டு வருத்தத்தைத் தேடிக்கொள்வதைவிட மூன்று தரம் நிற்பது மேல்.

இனி அந்தச் சாம்பல் லென்ஸ்.

மேல்நாட்டில் நீலக் கண், பச்சைக் கண் உள்ளவர்களுக்கு நிறத்தைச் சற்றுத் தூக்கிக் காட்டுகிற லென்ஸ் இருக்கிறது. அது ஒளி ஊடுருவக்கூடிய சாயம். அது நம்முடைய கறுத்த கண்ணில் போட்டால் ஒன்றுமே தெரியாது. சாம்பலோ தேன்நிறமோ நம் கண்ணில் தெரிய வேண்டுமென்றால், கீழே இருக்கிற கறுப்பை முழுதாக மறைக்கிற, ஒளி புகாத மை வேண்டும். டைட்டேனியம் டையொக்சைட், இரும்பு ஒக்சைட் போன்றவற்றைப் புள்ளி புள்ளியாக, இயற்கையான கதிராளி மாதிரி கோடு கோடாக அச்சடித்திருப்பார்கள். நடுவில் கண்மணிக்கு மட்டும் ஒரு வட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். ஆகவே நம்மவர் கண்ணில் தெரிகிற கலர் லென்ஸ் என்பது ஏறக்குறைய எப்போதும் கதிராளியை மூடுகிற லென்ஸ்தான். ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு, வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதுபோல.

இயந்திரம் அப்போது படிப்பது பெரும்பாலும் அச்சடித்த கோலத்தை. புள்ளிகளின் இடைவெளியில் உங்கள் சொந்தக் கதிராளி கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அது போதாது. டெல்லியில் உள்ள ஐஐஐடி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 101 பேரை லென்ஸ் இல்லாமல், தெளிந்த லென்ஸோடு, கலர் லென்ஸோடு என மூன்று விதமாகப் படமெடுத்து, 6570 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பு செய்தார்கள். அதில் நமக்குப் பயன்படுகிற விஷயம், படமெடுக்கப்பட்டவர்கள் தெற்காசியக் கண்காரர்கள் என்பது. தெளிந்த லென்ஸில் சிறிய சறுக்கல், கலர் லென்ஸில் பெரிய சரிவு என்பதே அங்கும் கண்டது. பதிவும் கலர் லென்ஸோடு, பரிசோதனையும் கலர் லென்ஸோடு என்றாலும் சரிவு போகவில்லை. லென்ஸ் சுழலும் என்றேனே, நேற்றைய கோலம் இன்றைக்கு வேறு கோணத்தில் நிற்கும். கொஞ்சம் தலை சாய்ந்தால் ஈடுகட்ட இயந்திரத்துக்குத் தெரியும், கால் வட்டம் திரும்பினால் தெரியாது.

புதிய இயந்திரங்கள் இன்னொரு வேலையும் செய்யும். அச்சடித்த புள்ளிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, இயற்கையில் அந்த ஒழுங்கு இல்லை. படத்தை அலைவரிசைகளாகப் பிரித்துப் பார்த்தால் அந்த ஒழுங்கு தனிச் சிகரங்களாக எழும்பி நிற்கும். டோக்மன் இதை எப்போதோ காட்டிவிட்டார். அந்தச் சிகரத்தைக் கண்டால் இயந்திரம் ஒப்பிட்டுக்கூடப் பார்க்காது, "இது கண்ணல்ல, வேடம்" என்று திருப்பி அனுப்பிவிடும். பல அடுக்காக அச்சடித்த லென்ஸில் இந்த வழி அவ்வளவு எடுபடாது. அதனால்தான் லென்ஸ் கண்டுபிடிக்கும் மென்பொருள்களுக்கென்றே 2013 முதல் லிவ்டெட் ஐரிஸ் என்ற பெயரில் போட்டி வைக்கிறார்கள். உங்களை அன்றைக்கு மறுத்தது ஒத்துப்போகாததாலா, வேடம் என்று நினைத்ததாலா என்பது இயந்திரத்தின் பதிவேட்டில் இருக்கும். உங்கள் ஐடி பிரிவில் கேட்டுப் பார்க்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு சம்பவம். பெயர் வேண்டாம், கொழும்பில் ஒரு நிறுவனம். அங்கே புதிய இயந்திரம் பூட்டிய வாரம் எல்லோருடைய கண்ணையும் அவசர அவசரமாகப் பதிந்தார்கள். பழைய மொடல், லென்ஸ் கண்டுபிடிக்கத் தெரியாது. ஒரு பிள்ளை அன்றைக்குத் தேன்நிற லென்ஸோடு வந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குக் கதவு திறக்கவே இல்லை. இரண்டு கிழமை இயந்திரத்தைத் திட்டி, கமராவைத் துடைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, கடைசியில் அவசரத்துக்கு அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? கோட்டை ஏற்றிவிட்டார்கள். ஒரு ஆளுக்காக முழு நிறுவனத்துக்கும். அப்படியும் திறக்கவில்லை. அங்கே சேமித்திருந்தது அவளுடைய கண்ணே இல்லையே, எவ்வளவு தளர்த்தினால்தான் என்ன? நான் போய்ப் பழைய படத்தைத் திறந்து பார்த்தபோது புள்ளி புள்ளியாக அச்சு தெரிந்தது. திரும்பப் பதிந்தது ஐந்து நிமிட வேலை. கோட்டைப் பழைய இடத்துக்கு இறக்கச் சொல்லித் துறைத் தலைவரோடு வாதாடியது முழு மத்தியானம்.

ஆகவேதான் பதிகிற நாள், பதிகிற நாள் என்று சொல்கிறேன். தினசரி ஒப்பீட்டில் வருகிற சிறு குழப்பம் அன்றோடு போகும். பதிவில் புகுந்த குழப்பம் ஒவ்வொரு நாளும் உங்களோடு கதவுக்கு வரும். நீங்கள் பதிந்த அன்று லென்ஸ் போட்டிருந்தீர்களா என்று யோசியுங்கள். போட்டிருந்தால், கழற்றிவிட்டுத் திரும்பப் பதியச் சொல்லுங்கள். பல இயந்திரங்கள் ஒரு ஆளுக்கு இரண்டு பதிவு வைக்க விடும். ஒன்று வெறுங்கண், மற்றது தினமும் போடுகிற பவர் லென்ஸோடு. இரண்டில் எது கிட்ட வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். கலர் லென்ஸோடு மூன்றாவது பதிவு கேட்காதீர்கள்.

டிஜிட்டல் அடையாள அட்டைக்கும் இதே நியாயம்தான், இன்னும் கண்டிப்பாக. இந்திய அரசின் நன்கொடையோடு இலங்கையில் நடக்கிற அந்தத் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் உடன்படிக்கை ஆனது. முகம், கதிராளி, கைரேகை மூன்றையும் எடுப்பதுதான் அதன் அமைப்பு. இந்தியாவின் ஆதாரில் 2010 முதல் எடுத்து வருகிற அதே மூன்று. அலுவலகக் கதவென்றால் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம், அரசாங்கப் பதிவைத் திருத்த எத்தனை படி ஏற வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் முறை வரும் நாளில் மூக்குக்கண்ணாடியோடு போங்கள், கமராவுக்கு முன் அதையும் கழற்றுங்கள். கண்ணாடியில் பிரச்சினை வேறு, அகச்சிவப்பு விளக்கு அதில் பட்டுப் பளிச்சென்று வெள்ளைத் திட்டாக விழும். கண் பரிசோதனைக்குக் கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து விட்ட நாளிலும் போகாதீர்கள். கண்மணி விரிந்தால் கதிராளி ஒரு மெல்லிய விளிம்பாகச் சுருங்கிவிடும், படிக்க இடமிராது.

அந்தச் சொட்டு மருந்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2001 முதல், நாடு கடத்தப்பட்டவர்கள் வேறு பெயரில் திரும்பி வருகிறார்களா என்று கதிராளியை வைத்துப் பார்க்கிறது. சிலர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியைப் பெரிதாக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள், இயந்திரமும் ஏமாந்தது. பிறகு கண்மணிக்கும் கதிராளிக்கும் உள்ள விகிதத்தை அளந்து, அளவுக்கு மிஞ்சினால் மருந்து தெளியும்வரை இருத்திவைக்கத் தொடங்கினார்கள். கவனியுங்கள், அவர்களும் இன்னொருவராக நடிக்கவில்லை. தாங்கள் தாங்களாகத் தெரியாமல் இருக்கவே பார்த்தார்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு அதுதான் பாதி விடை. அடையாளத்தை மறைக்க லென்ஸ் உதவும், இன்னொருவரின் அடையாளத்தை எடுக்க லேசில் உதவாது. உங்கள் கதிராளியை அகச்சிவப்பில் தெளிவாகப் படமெடுத்து, அகச்சிவப்பில் தெரிகிற மையால், சரியான அளவில் லென்ஸில் அச்சடித்து, அது சுழலாமல் நிற்கவும் செய்ய வேண்டும். ஆனால் லென்ஸை வேறு விதமாகப் பயன்படுத்தி ஒரு இயந்திரத்தை ஏமாற்றியிருக்கிறார்கள். 2017இல் ஜெர்மனியின் கேயொஸ் கம்பியூட்டர் கிளப் என்ற ஹக்கர் சங்கத்துக்காரர்கள் சாம்சுங் கலக்ஸி எஸ்8 கைபேசியை இப்படித் திறந்து காட்டினார்கள். இரவில் எடுக்கிற மோடில் ஒரு கண்ணைப் படமெடுத்து, லேசர் பிரின்டரில் அச்சடித்து, காகிதத்தின் மேல் ஒரு சாதாரண தெளிந்த கொன்டாக்ட் லென்ஸை வைத்தார்கள். தட்டையான படத்துக்குக் கண்ணின் வளைவு கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் தேவைப்பட்டது. சேர்வர் அறைக் கதவில் பூட்டுகிற நல்ல இயந்திரம் கைபேசி போல இராது, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்றெல்லாம் பார்க்கும். மலிவானதை வாங்கியிருந்தால் அந்தக் கைபேசிக்கு அண்ணன் தம்பிதான்.

இவ்வளவு தொல்லையென்றால் விரலோடேயே இருந்திருக்கலாமே என்பீர்கள். உங்கள் விரலுக்குச் சரி. மலையகத்தில் கொழுந்து எடுக்கிறவர்களின் விரலை, சீமெந்து குழைக்கிறவர்களின் விரலை வைத்துப் பாருங்கள், ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் கைவிரித்துவிடும். அவர்களுக்குக் கண்தான் நாணயமான சாட்சி.

கடைசியாக, உங்கள் அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள்: கண்தானம் பெற்றவரின் கண்ணைக் காட்டினால் இறந்தவரின் பெயர் வருமா என்று. நல்ல கேள்வி. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கத்தின் புண்ணியத்தில் இலங்கைக் கண்கள் எத்தனையோ நாடுகளில் பார்வை கொடுத்துக்கொண்டிருக்கின்றன, ஆகவே நம்மவருக்கு வரவேண்டிய சந்தேகம்தான். தானமாகப் பொருத்துவது முன்னால் இருக்கிற தெளிந்த விழிவெண்படலத்தை மட்டும். கதிராளி அதற்குப் பின்னால், பெற்றவருடையதாகவே இருக்கிறது. சத்திரசிகிச்சை முடிந்து கண் ஆறிய பிறகு ஒருமுறை புதிதாகப் பதிந்துகொண்டால் சரி. பெயர் அவருடையதுதான் வரும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.